அரசுத் தரப்பு முதல் சாட்சி

ஜூன் 11, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மாலை 6.40, பிள்ளையார் கோயில் முக்கு. பின்னாலிருந்து வண்டி. இரண்டு பேர். தாலிச் சங்கிலி போயிற்று. விழுந்தேன். கண்ணாடி தெறித்துவிட்டது. மஞ்சளாக ஏதோ. முகம் தெரியவில்லை. வலி.

ஜூன் 12, புதன்

காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ராஜமாணிக்கம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "ஆளப் பாத்தீங்களா மேடம்?" லேசாக என்றேன். எதிர்வீட்டு வசந்தி பிழியப் பிழிய அழுதாள். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று மஞ்சள் கயிறு வாங்கி வந்தவளும் அவள்தான்.

ஜூன் 15, சனி

கட்டுக்கு வெளியே விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வலது கையாலேயே மெல்ல எழுத வருகிறது. முப்பது வருடம் ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டிய கையால் இவர் ரசம் வைத்தார். புளி தூக்கல். நான் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். ஹாலில் மாட்டியிருக்கும் பாராட்டுப் பத்திரத்தை அவராகவே எழுந்து போய்ப் படித்தார். ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு ஓடியவனுக்கு நான்தான் டிக்கெட் கொடுத்திருந்தேன். பத்து நாள் கழித்து அவன் தாடி வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றபோது கவுண்டரை விட்டு எழுந்து ஓடிப் பிடித்துக் கொடுத்தேன். அதற்காக டிவிஷனல் மேனேஜர் கையால் வாங்கியது. முப்பத்தொரு வருடம் அந்தக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை பார்த்த முகத்தை கோமளவல்லி மறந்தாள் என்று எங்கள் ஜங்ஷனில் ஒருவர் சொல்ல முடியாது.

"அப்ப உங்களுக்கு ஆளு ஞாபகம் இருக்கும்மா," என்றார் அவர்.

ஒல்லி, முப்பதுக்குள் வயது, மஞ்சள் டீ-ஷர்ட், சங்கிலியை இழுத்துவிட்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தான் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். இப்படித் தெளிவாகச் சொல்லும் சாட்சி கிடைப்பது அபூர்வம் என்றும் சொன்னார்.

சமையல் கேஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டும். மறக்கக் கூடாது.

ஜூன் 19, புதன்

ஆள் கிடைத்துவிட்டான்!

சப்-இன்ஸ்பெக்டர் செல்போனில் படம் காட்டினார். "இவன்தானாம்மா? இளவழகன்னு பேரு, பெயிண்ட் அடிக்கிறவன். பத்து வருசத்துக்கு முன்னாடி ஒரு குடோன்ல இரும்பு திருடின கேஸ் இருக்கு. கேமராவுல தெரிஞ்ச வண்டி மாதிரியே இவங்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. இவனேதான் என்றேன். திரும்பிப் பார்த்தானே, அப்போது அந்தத் தழும்பு தெரிந்தது இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது.

ஜூன் 21, வெள்ளி

பேப்பரில் வந்திருக்கிறது. என் பெயர் இல்லை, 'ஓய்வுபெற்ற ரயில்வே பெண் ஊழியர்' என்று மட்டும். வசந்தி நாலு பிரதி வாங்கி வந்தாள்.

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து இதே பேச்சு. கையை வெட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். நடுரோட்டில் நிற்க வைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். போலீசிடம் ஒத்துக்கொண்டுவிட்டானாம், சங்கிலியை உருக்கிவிட்டதாகவும் சொன்னானாம். ஆனால் யாரிடம் உருக்கக் கொடுத்தான், வண்டி ஓட்டியவன் யார் என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லையாம். எவ்வளவு அழுத்தக்காரன்!

"ஒத்துக்கிட்டவன் அத மட்டும் ஏன் மறைக்கிறான்?" என்று இவர் கேட்டார். திருடன் புத்தி திருடனுக்குத்தானே தெரியும் என்றேன்.

ஜூலை 4, வியாழன்

சிறைக்குள் முதல் தடவையாகப் போனேன். அடையாள அணிவகுப்பு. மாஜிஸ்ட்ரேட் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடம்பு, ஒரே மாதிரி சட்டை. நான் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாவது ஆள். நேராகப் போய் நின்றேன். மறுபடி ஒரு தரம் வரிசையை மாற்றி நிற்க வைத்தார்கள். இப்போது மூன்றாவது ஆள். அவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான், காவலர் அதட்டினார்.

வெளியே வந்ததும் இவரிடம், "கவுண்டர்ல பாக்கற மாதிரிதான் இருந்துச்சு," என்றேன். கை கால் நடுங்காமல் நின்றதற்கு எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். வரும் வழியில் காப்பி குடித்தோம்.

ஜூலை 14, ஞாயிறு

கட்டுப் பிரித்தாகிவிட்டது. சங்கக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். ராஜமாணிக்கம் பேசினார்: "பாத்தும் பாக்காத மாதிரி போற காலம் இது. நம்ம மேடம் ஜெயிலுக்குள்ள போய் நின்னு கை நீட்டினாங்க." கைதட்டல் ஓயவே இல்லை. மேடையில் உட்கார்ந்து சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். நிறைவாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

தெருமுனை அறிவிப்புப் பலகையில் அவன் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். 'திருடன். எச்சரிக்கை. நேரில் பார்த்த சாட்சி உண்டு.'

கடைசி வரி என்னைப் பற்றியது.

ஆகஸ்ட் 8, வியாழன்

அவனுக்கு ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். ஐம்பது நாளில்! ராஜமாணிக்கம் கொதித்துப் போய் வந்தார். "பாத்தீங்களா மேடம், வெளிய விட்டுட்டாங்க. இதான் நம்ம கோர்ட்டு."

அவர் போன பிறகு இவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "ஜாமீன்னா விடுதலை இல்ல கோமளா. கேஸ் நடக்கும், கூப்பிட்டப்பெல்லாம் வரணும்," என்றார்.

"தப்பு பண்ணவன வெளிய விடுவாங்களா?"

"தீர்ப்பு வர்ற வரைக்கும் பண்ணானா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப நான் பாத்தது?"

கீரைக்குப் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை. அதனால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இளவழகன் குடும்பத்தை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். சங்கம் பேசியிருக்கிறது. நல்லதுதான். சம்ப் கழுவ ஆள் வந்தான்.

செப்டம்பர் 2, திங்கள்

ரேஷன் கடை. பருப்பு போட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட். வசந்தி என் காதில், "அவன் பொண்டாட்டி. சுகுணா," என்றாள். அவளைச் சுற்றி இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது. நான் ஒன்றும் தள்ளி நிற்கவில்லை. வெயில் அந்தப் பக்கம் அடித்ததால் நிழலுக்கு மாறினேன், அவ்வளவுதான்.

அவளுக்கு நான் யார் என்று தெரிந்திருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது நின்றாள்.

"அம்மா, அன்னிக்கு அவரு கல்யாண மண்டபத்துல சாரத்து மேல நின்னு பெயிண்ட் அடிச்சிட்டு இருந்தாரும்மா. மேஸ்திரிக்குத் தெரியும். போலீஸ்னா பயந்துகிட்டு சொல்ல மாட்டேங்கறாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்ற? கோர்ட்ல சொல்லு," என்றேன்.

"நீங்கதானம்மா பாத்தேன்னு சொன்னது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திமிர். எல்லாக் குற்றவாளி வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். சாயங்காலம் தலைவலி, மாத்திரை போட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இவருடைய சிநேகிதர் வீட்டுக் கல்யாணம். பந்திக்குப் போகும் வழியில் சரோஜினியின் மகளைப் பார்த்தேன். சரோஜினி என் பக்கத்துக் கவுண்டரில் பன்னிரண்டு வருடம் இருந்தவள். அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கி வைத்திருக்கிறேன். கையைப் பிடித்து, "அம்மா எப்படி இருக்கா? கால் வலி தேவலையா?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். என்னை மறந்துவிட்டாயா என்று செல்லமாகத் திட்டினேன். அந்த மூக்கு, அந்த நெற்றி, சந்தேகமே இல்லை.

அவள் பெயர் பாக்கியலட்சுமியாம். சேலத்துக்காரியாம். அவள் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பாயசம் நன்றாக இல்லை.

மார்ச் 3, திங்கள்

கோர்ட் சம்மன் வந்தது. பதினெட்டாம் தேதி சாட்சி சொல்ல வேண்டும். 'அரசுத் தரப்பு முதல் சாட்சி' என்று அச்சில் என் பெயர். அரசு வக்கீலின் குமாஸ்தா போன் செய்து, தேதி, நேரம் எல்லாம் சரியாகச் சொல்ல வேண்டும் என்றார். எனக்கென்ன கவலை? நாற்பது வருடமாக டைரி எழுதுகிறேன். போன வருடத்து நோட்டை எடுத்துப் பார்த்தால் போயிற்று.

மார்ச் 4, செவ்வாய்

எடுத்துப் பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

பரண் சுத்தம் செய்தேன். பழைய பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கினேன். தோள்பட்டை விட்டுப் போயிற்று.

மார்ச் 6, வியாழன்

மாவடு வந்திருக்கிறது. இரண்டு படி வாங்கி உப்பில் போட்டேன். ஒரு ஜாடி போதாமல் இன்னொன்று கழுவினேன்.

மார்ச் 8, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டிலும் பொய் எழுதினால் பிறகு எங்கே போய் உண்மை சொல்வது?

'கண்ணாடி தெறித்துவிட்டது. முகம் தெரியவில்லை.' என் கையெழுத்துதான். இடது கை, கோழி கிளறியது போல. நடந்த அன்று ராத்திரியே எழுதியது. அதில் திரும்பிப் பார்த்தான் என்று இல்லை. தழும்பு இல்லை. ஒல்லி, வயது எதுவும் இல்லை. மஞ்சளாக ஏதோ என்றுதான் இருக்கிறது, அது டீ-ஷர்ட்டா, பையா, வண்டியா என்றுகூட இல்லை.

பதினைந்தாம் தேதியில் அவன் திரும்பிப் பார்க்கிறான். பத்தொன்பதாம் தேதி படம் பார்க்கிறேன், தழும்பு வருகிறது. பக்கங்களைத் திருப்பத் திருப்ப அந்த முகத்தை நானே கொஞ்சம் கொஞ்சமாக வரைந்திருப்பது தெரிகிறது. வேண்டுமென்று செய்யவில்லை. அது சத்தியம். இப்போதுகூட கண்ணை மூடினால் அவன் திரும்பிப் பார்ப்பது அப்படியே தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். நோட்டைக் கொடுத்தேன். மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்தார்.

"உங் கண்ணாடிய நாந்தான் கோயில் முக்குல தேடி எடுத்தேன். ஒரு பக்கம் உடைஞ்சு கெடந்துச்சு. வெள்ளிக்கெழமதான் புதுசு போட்டுக் குடுத்தேன்."

"அப்ப ஏங்க ஒரு வார்த்த சொல்லல?"

"நீ அவ்ளோ உறுதியா சொன்ன. ஜங்ஷன்ல உன்னப் பத்தித் தெரியாதா எனக்கு? கண்ணாடி இல்லாமயும் பாத்திருப்பேன்னு நெனச்சுட்டேன்."

என் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த மனிதர். 

மார்ச் 12, புதன்

அரசு வக்கீலை அவர் அறையில் போய்ப் பார்த்தேன். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"வயசான காலத்துல எதுக்கும்மா குழப்பிக்கறீங்க? ஜெயில்ல அடையாளம் காட்டிட்டீங்க. அதையே கோர்ட்ல சொல்லுங்க, போதும்."

"போட்டோவுல பாத்த மூஞ்சியத்தான் சார் காட்டினேன்."

"சங்கிலி உங்களோடதுதானே? போனது போனதுதானே? அப்புறம் அவனுக்கு ஏன் நீங்க கவலப்படறீங்க?"

சங்கிலி போனது நிஜம். கை முறிந்தது நிஜம். அதைக் கோர்ட்டில் நூறு தடவை சொல்வேன். அவன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். பதினெட்டாம் தேதி பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்.

மார்ச் 14, வெள்ளி

செய்தி எப்படியோ கசிந்து ராஜமாணிக்கம் வந்தார். சோபாவில் நுனியில் உட்கார்ந்தார்.

"அவன் பண்ணலேன்னா வேற யாரு மேடம் பண்ணா?"

"தெரியல."

"ஏற்கெனவே திருடினவன்."

"பத்தொம்போது வயசுல இரும்பு திருடினான். அதுக்கு அபராதம் கட்டிட்டான். என் சங்கிலிக்கும் அதுக்கும் என்ன இருக்கு?"

"நீங்க மாத்திச் சொன்னா, காசு வாங்கிட்டீங்கன்னு பேசுவாங்க. இல்ல பயந்துட்டீங்கன்னு. ரெண்டுல ஒண்ணு."

மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாதா என்று கேட்டேன். காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

பெங்களூரிலிருந்து மகள் நிர்மலா போனில் கத்தினாள். "அம்மா, பொய் சொன்னேன்னு உம்மேலயே திருப்பினா என்ன பண்ணுவ?" திருப்பட்டும் என்றேன். பிறகு, "அன்னிக்கு ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாரும் நான் பாத்திருப்பேன்னு நெனச்சாங்க. எனக்கும் பாக்காம விட்டேன்னு சொல்ல மனசு வரல."

அவள், "சரிம்மா. சாப்பிட்டுட்டுப் போ கோர்ட்டுக்கு," என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

அரக்குக் கரை போட்ட காட்டன் சேலை கட்டிக்கொண்டேன். கைப்பையில் போன வருடத்து நோட்டு. பதினோரு மணிக்குக் கோர்ட் டவாலி என் பெயரைக் கூப்பிட்டார். கூண்டில் ஏறினேன். எதிர்ப்பக்கம் அவன். ஒன்பது மாதத்தில் மெலிந்திருந்தான். புருவத்தில் தழும்பு. பின்வரிசையில் ராஜமாணிக்கமும் சங்கத்தார் ஐந்தாறு பேரும்.

அரசு வக்கீல் முதலில் சங்கிலி போனதைக் கேட்டார், நேரத்தைக் கேட்டார், கை முறிந்ததைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தெளிவாகச் சொன்னேன். பிறகு கேட்டார்:

"எதிரிக் கூண்டில் நிற்பவர்தானே உங்கள் சங்கிலியைப் பறித்தவர்?"

"எனக்குத் தெரியாதுங்க."

பின்வரிசையில் ஒரு சலசலப்பு.

"சிறையில் இவரை அடையாளம் காட்டினீர்கள் அல்லவா?"

"காட்டினேன். அதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி போலீஸ்காரங்க போன்ல இவர் படத்தக் காட்டினாங்க. அந்தப் படத்துல இருந்த மூஞ்சிய அடையாளம் காட்டினேன். சங்கிலியப் பறிச்சவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல."

பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார் அரசு வக்கீல். முப்பத்தொரு வருடச் சேவைக்குப் பிறகு பிறழ் என்று ஒரு பட்டம். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாராவது மிரட்டினாங்களாம்மா? பயப்படாம சொல்லுங்க."

"இல்லைங்கய்யா. கீழ விழுந்தப்ப என் கண்ணாடி தெறிச்சுப் போச்சு. அது இல்லேன்னா எனக்கு நாலடிக்கு மேல எல்லாம் மங்கல். அத அன்னிக்கு யாரும் கேக்கல. நானும் சொல்லல."

எதிர்த் தரப்பில் சட்ட உதவி மையம் கொடுத்த வக்கீல், மெஹருன்னிசா என்ற இளம்பெண். அதிகம் கேட்கவில்லை. சம்பவத்தன்று எங்கேயாவது எழுதி வைத்தீர்களா என்று மட்டும் கேட்டாள். நோட்டை எடுத்தேன். அரசு வக்கீல் ஆட்சேபித்தார். மாஜிஸ்ட்ரேட் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தையும் முன்பின் பக்கங்களையும் பார்த்துவிட்டு, படிக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

படித்தேன். பத்து வரிகூட இல்லை. 'முகம் தெரியவில்லை' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் சத்தமாகப் படித்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் படித்தேன்.

மூட்டு வலியோடு கூண்டிலிருந்து இறங்கினேன். இவர் கை கொடுத்தார். வேண்டாம் என்று தனியாகவே இறங்கினேன். கோர்ட் வாசலில் இரண்டு பேர் என்னைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். தலையைக் குனியவில்லை. பாராட்டுப் பத்திரம் வாங்கிய அன்றுகூட இவ்வளவு நிமிர்ந்து நடந்திருக்க மாட்டேன்.

மார்ச் 20, வியாழன்

வாட்ஸ்அப் குழுவில் என்னை எடுத்துவிட்டார்கள். வசந்தி மத்தியானம் வரவில்லை. ராத்திரி சப்பாத்தி.

ஏப்ரல் 9, புதன்

தீர்ப்பு. போக வேண்டியதில்லை, ஆனாலும் போனேன். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. வராந்தாவில் சுகுணாவும் அவனும் நின்றார்கள். பக்கத்தில் போனேன். என்ன சொல்வதென்று வீட்டிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"தப்பு என்னோடதுதாம்பா," என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகுணாதான் பேசினாள்.

"பத்து மாசம் ஆச்சும்மா. புள்ளைய இஸ்கூல் மாத்திட்டோம். வீடு மாறிட்டோம். இவரப் புடிச்சப்ப வந்த பேப்பர் பொட்டில இருக்கு, அதுல இவரு பேரு இருக்கு. விட்டுட்டாங்கன்னு பேப்பர்ல போடுவாங்களா?"

போடமாட்டார்கள். சாயங்காலம் அந்தப் பேப்பர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் முழுப் பெயரும் முகவரியும் போட்டு.

ஏப்ரல் 13, ஞாயிறு

சங்கக் கூட்டத்துக்கு அழைக்காமலே போனேன். பலகையில் இருக்கும் படத்தை எடுக்கச் சொன்னேன். "சாட்சி இல்லாததால விட்டுட்டாங்க. பண்ணலேன்னு கோர்ட்டு சொல்லலியே," என்றார் ஒருவர். ராஜமாணிக்கம், அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வைக்கலாம் என்றார்.

'நேரில் பார்த்த சாட்சி உண்டு' என்று போட்டிருக்கிறதே, அது நான்தான், நான் பார்க்கவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து தோசைத் திருப்பியும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனேன். வெயிலில் ஒட்டிக் காய்ந்த காகிதம் லேசில் வரவில்லை. நனைத்து நனைத்துச் சுரண்டினேன். கூட்டம் முடிந்தவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அரை மணிக்கப்புறம் யாரோ வாளியை மாற்றி நல்ல தண்ணீர் வைத்தார்கள். வசந்தி. மேல் மூலை எனக்கு எட்டவில்லை, அதை அவள் சுரண்டினாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். இளவழகன் வருவானா என்று வக்கீல் மெஹருன்னிசா மூலம் கேட்டேன். "அவங்க வீட்டுக்கு மட்டும் வேண்டாம்" என்றானாம். சுருக்கென்றது. நியாயம்தான். என் மனம் ஆறுவதற்கு அவன் ஏன் சாரம் ஏற வேண்டும்? வேறு நாலு வீட்டில் அவன் வேலை சுத்தமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பேப்பரில் ஏழாம் பக்கம் நாலு வரி வந்தது. வெட்டி சுகுணாவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

மே 24, சனி

காலை பத்தரை. தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். வெளியே "புடி, புடி" என்று கூச்சல். கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடினேன். மூன்றாவது தெரு மாலினியின் செல்போனை யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அந்த நேரம் பெட்ஷீட் மூட்டையோடு ஒருவர் முனையில் வந்திருக்கிறார். வடக்கத்தி ஆள், ஐம்பது வயது இருக்கும். அவரைப் பிடித்து மின்கம்பத்தோடு நிறுத்தியிருந்தார்கள். சட்டை கிழிந்திருந்தது. பெட்ஷீட்டெல்லாம் ரோட்டில். யாரோ கயிறு எடுத்து வரப் போயிருந்தார்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"நகருங்க மேடம். இவன்தான், நாங்க கண்ணால பாத்தோம்," என்றார் ராஜமாணிக்கம்.

"யார் யாரு பாத்தீங்க?"

ஐந்து பேர் கை தூக்கினார்கள்.

"சரி. போலீஸ் வரட்டும். அதுக்குள்ள நீங்க பாத்தத எழுதிக் குடுங்க. தனித்தனியா. ஒருத்தருக்கொருத்தர் பேசக்கூடாது."

"இப்ப போய் பரீட்ச வெக்கறீங்களா?"

"ஆமா. போன வருசம் எனக்கு யாரும் வெக்கல."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. வசந்தி ஓடிப்போய் அவள் பெண்ணின் நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்துக்கொண்டு வந்தாள். திட்டிக்கொண்டேதான் எழுதினார்கள், ஆனால் எழுதினார்கள். ஐவரையும் ஐந்து வாசலில் நிற்க வைத்தேன். இவர் அந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுத்து, தெரிந்த இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுத்தெருவில் நின்று படித்தேன். கறுப்புச் சட்டை. வெள்ளைச் சட்டை. பைக்கில் வந்தான். ஓடி வந்தான், ஒல்லி, இருபது வயது. ஐந்தாவது ராஜமாணிக்கம் எழுதியது: 'நான் வரும்போது பிடித்துவிட்டார்கள்.'

தாளைப் படித்து முடித்து அவரைப் பார்த்தேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, ரோட்டில் கிடந்த பெட்ஷீட் ஒன்றை எடுத்து உதறி மடிக்க ஆரம்பித்தார். மாலினியும் வந்து மடித்தாள். "எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது ஆன்ட்டி," என்றாள் அழுகையோடு.

போலீஸ் வந்ததும் தாள்களைக் கொடுத்தேன். ஏட்டு எண்ணிப் பார்த்தார்.

"அஞ்சு பேரு பாத்தாங்கன்னு சொன்னீங்க. ஆறு இருக்கே?"

ஆறாவது என்னுடையது. நல்ல கையெழுத்தில், தேதி, நேரம், கையொப்பத்தோடு எழுதியிருந்தேன்: 'சத்தம் கேட்டு வந்தேன். நான் எதையும் பார்க்கவில்லை.'